இலை உதிர்வதைப் பார்த்தால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும்

இலையுதிர்காலம் என்றாலே எல்லோரும் நிறத்துக்குத்தான் ஓடுகிறார்கள். மரங்கள் சிவந்து நிற்கும் அந்த ஒன்றிரண்டு வாரம் முடிந்ததும் கேமரா பைக்குள் போய்விடும், பூங்காவில் ஆள் இருக்காது. என்னைக் கேட்டால் நல்ல பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. பாதி இலை கிளையிலும் பாதி தரையிலுமாக இருக்கும் கடைசி நாட்கள் அவை. பூமியின் வட பாதியில் குளிர் உள்ள பல இடங்களில் அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை, தென் பாதியில் ஏப்ரல் கடைசியும் மே மாதமும்.

முதலில் எந்த நாள் போவது என்று பார்ப்போம். காற்றடிக்கும் நாளில் இலைகள் கூட்டமாகப் பறக்கும், பார்க்க அழகுதான், ஆனால் அந்த இரைச்சலில் தனி இலையின் சத்தம் எதுவும் காதுக்கு வராது. இரவு உறைபனி பிடித்து, காலையில் காற்றே இல்லாமல் வெயில் வருகிற நாள் கிடைத்தால் அதை விடவே விடாதீர்கள். பகல் குறையத் தொடங்கியதும் மரம் ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் மெல்லிய செல் அடுக்கு ஒன்றைத் தயார் செய்கிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் குறையக் குறைய எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கி, அந்த அடுக்கில் உள்ள செல்கள் ஒன்றின் பிடியை ஒன்று விடுகின்றன, கடைசியில் சில நரம்பிழைகளின் தயவில்தான் இலை தொங்கிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் இரவு உறைந்த நீர் காலை வெயிலில் இளகும்போது, யாரும் அசைக்காமலே இலைகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பிக்கும். கிங்கோ மரம் இதில் தனி ரகம். கடும் உறைபனிக்குப் பிறகு ஏறக்குறைய மொத்த இலையையும் ஒரே நாளில், சில சமயம் சில மணி நேரத்திலேயே கொட்டிவிடும். போய்வரும் தூரத்தில் கிங்கோ இருந்தால் வானிலை அறிவிப்பைத் தினமும் பாருங்கள், அந்த ஒரு காலைக்காக வேறு வேலையைத் தள்ளி வைத்தாலும் தப்பில்லை.

காடு முழுக்கச் சுற்ற வேண்டாம், ஒரு மரம் போதும். நடந்துகொண்டே இருந்தால் உங்கள் காலடிச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கும். சூரியன் மரத்துக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள், இந்தப் பருவத்தில் வெயில் தாழ்ந்து வருவதால் ஒளி இலையை ஊடுருவி வரும், கீழே கிடக்கும்போது மங்கலாகத் தெரிகிற அதே மஞ்சள் அந்தரத்தில் எரிகிற மாதிரி இருக்கும். மஞ்சள் புதிதாக வந்ததில்லை, பச்சையம் சிதைந்ததும் அடியில் ஏற்கெனவே இருந்த கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. மேப்பிளின் சிவப்புதான் அந்தப் பருவத்தில் புதிதாக உண்டாவது. அதற்குக் காரணமான ஆந்தோசயனினை இலை தன் கடைசி வாரங்களில் தயாரிக்கிறது.

இப்போது விழப்போகும் ஒரே ஒரு இலையைக் கண்ணால் பிடித்து, தரை வரைக்கும் பின்தொடருங்கள். இது சொல்வதைவிடக் கடினம், கண் அடுத்த இலைக்குத் தாவிவிடும். அகன்ற இலை பெரும்பாலும் இப்படியும் அப்படியும் ஊஞ்சலாடி இறங்கும். குறுகி நீண்ட இலை தன் அச்சிலேயே உருண்டு உருண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நழுவும். காகிதத் துண்டு இப்படி உருண்டு விழுவதைப் பற்றி இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1854இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். ஊஞ்சலாடிக்கொண்டிருந்த இலை நடுவழியில் குட்டிக்கரணம் போடுவதும் உண்டு, அந்தக் கணம் கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் நீங்களாக வீட்டுக்குக் கிளம்ப மாட்டீர்கள்.

அடுத்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் காது மடலுக்குப் பின்னால் குவித்து வைத்தால் முன்னாலிருந்து வரும் மெல்லிய சத்தம் நன்றாகக் கூடும். முதல் சில நிமிடங்கள் தூரத்து வண்டிச் சத்தம்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மெல்ல மெல்ல, விழும் இலை வழியில் கிளைகளைத் தட்டிக்கொண்டு வருவதும், சருகின் மேல் சருகு உட்காரும் அந்தச் சின்ன ‘டப்’பும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். காய்ந்து ஓரம் சுருண்ட இலை சத்தமாக விழும், நனைந்த இலை சத்தமே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும், அதனால் மழை பெய்த மறுநாள் காதுக்கு வேலை குறைவு. சருகுக்குள் ஏதோ பெரிய விலங்கு வருகிற மாதிரி சரசரவென்று கேட்டால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் அது புழு தேடி இலையைப் புரட்டும் ஒரு சின்னப் பறவைதான். பல ஓக், பீச் மரங்கள், குறிப்பாக இளம் மரங்கள், காய்ந்த இலையைக் குளிர்காலத்திலும் உதிர்க்காமல் வைத்திருக்கும். மற்றவை மொட்டையான பிறகும் லேசான காற்றுக்கு இவை சலசலக்கும். பருவம் தவறிவிட்டதே என்று வருந்துகிறவர்கள் இவற்றைத் தேடிப் போகலாம்.

மூக்கையும் மறக்க வேண்டாம். கட்சுரா என்ற மரத்தின் உதிர்ந்த இலைகள் கருகிய சர்க்கரை வாசம் அடிக்கும், மால்டோல் என்ற சேர்மம்தான் காரணம். ஈரமான நாளில் வாசம் இன்னும் தூக்கலாக இருக்கும்.

போதுமான அளவு நின்றாகிவிட்டது என்றால் நடங்கள். காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால்தான் சருகு பேசும். வெறும் கிளை ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள், இலை இருந்த இடத்தில் தழும்பு இருக்கும். குதிரைச் செஸ்நட் மரத்தில் அது ஆணி அடித்த லாடம் போலவே தெரியும், அந்த ஆணிப் புள்ளிகள் நரம்பிழைகள் அறுந்த இடங்கள். தழும்புக்குச் சற்று மேலே அடுத்த வசந்தத்துக்கான மொட்டு இப்போதே இருக்கும்.

சத்தத்தைப் பதிவு செய்ய விரும்பினால் ஃபோனைக் கையில் பிடிக்காதீர்கள், சட்டை உரசுவதெல்லாம் பதிவாகும். மரத்தடியில் காற்று படாத பக்கம், மைக் மேலே பார்க்கும்படி தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கள். நல்ல காலணி அவசியம், ஈரச் சருகு பயங்கரமாக வழுக்கும். பலத்த காற்று வீசும் நாளில் பட்ட கிளைகள் உள்ள முதிய மரத்தின் அடியில் மட்டும் நிற்கவே வேண்டாம்.