கரைப்பான் ஆவியை எரித்துத் தீர்க்க: தெர்மல் ஆக்சிடைசரை அமைத்து நடத்தும் முறை

பிஸ்கட் உறை, மசாலாப் பொட்டலம் போன்றவற்றுக்கான பிளாஸ்டிக் படலத்தை அச்சிடும் ஆலைகளில், மை உலரும்போது எத்தில் அசிட்டேட், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் ஆவியாகி உலர்த்தியின் காற்றோடு வெளியேறுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இந்த ஆவி வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகிறது என்பதை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்திலேயே காட்டினார். புகைபோக்கியை உயர்த்துவதால் இந்த ஆவி குறையாது. அதை எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றுவதற்கே தெர்மல் ஆக்சிடைசர் பயன்படுகிறது.

கருவியை வாங்கும் முன் காற்றை அளக்க வேண்டும். ஒரு மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்று வெளியேறுகிறது, ஒவ்வொரு கனமீட்டரிலும் எத்தனை கிராம் கரைப்பான் இருக்கிறது என்பவை தெரியாமல் எந்த முடிவும் எடுக்கலாகாது. உலர்த்தியின் இடுக்குகள் வழியே வீணாக உள்ளே வரும் காற்றை முதலில் அடைத்துவிட்டால், கருவியின் அளவும் எரிபொருள் செலவும் சேர்ந்தே குறையும். ஆனால் காற்றைக் குறைக்கக் குறைக்க ஆவியின் செறிவு ஏறும். அது தீப்பற்றும் கீழ் எல்லையில், அதாவது காற்றில் ஆவி தீப்பிடிக்கத் தேவையான மிகக் குறைந்த செறிவில், 25 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது பொதுவான பாதுகாப்பு வரம்பு. எத்தில் அசிட்டேட்டுக்கு இந்த 25 விழுக்காட்டு வரம்பு கனமீட்டருக்கு ஏறத்தாழ 18 கிராம்.

தொடர்ந்து ஓடும் ஆலைக்கு, செராமிக் படுகைகளில் வெப்பத்தைத் தேக்கித் திரும்பப் பயன்படுத்தும் வகையே பெரும்பாலும் ஏற்றது. ஏற்கெனவே சூடான படுகையின் வழியே ஆவிக்காற்று நுழைந்து சூடாகி, 800 முதல் 850 பாகை செல்சியஸ் வரையுள்ள அறையில் ஏறத்தாழ ஒரு விநாடி தங்கி எரிந்து, மற்றொரு படுகைக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறும். ஓரிரு நிமிடங்களுக்கு ஒருமுறை வால்வுகள் காற்றின் திசையை மாற்றும். வெப்பத்தில் 95 விழுக்காடு இவ்வாறு மீள்வதால், உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று 40 பாகை அளவுக்கே கூடுதலாகச் சூடாக இருக்கும். கனமீட்டருக்கு ஒரு கிராம் எத்தில் அசிட்டேட் எரிந்தாலே காற்று சுமார் 18 பாகை சூடேறும் என்பதால், 2 முதல் 3 கிராம் செறிவிலேயே பர்னரின் உதவியின்றிக் கருவி தானாக ஓடும். செறிவு இதைவிட மிக உயர்ந்தால், மிகுவெப்பத்தை அறையிலிருந்து நேரே வெளியேற்றத் தனி வழி வேண்டும்.

அறையின் வெப்பநிலை சரியாக இருந்தால் எல்லாம் எரிந்துவிட்டது என்று எண்ணுவதே நான் கவலையோடு எச்சரிக்க விரும்பும் தவறு. மணிக்கு 20,000 கனமீட்டர் காற்றில் 2 கிராம் வீதம் 40 கிலோ கரைப்பான் வருகிறது என்றால், வால்வில் 1 விழுக்காடு கசிந்தாலே மணிக்கு 400 கிராம் எரியாமல் புகைபோக்கிக்குப் போய்விடும். அறையில் உள்ள வெப்பமானி அதைக் காட்டாது. இரண்டு படுகைக் கருவியில் திசை மாறும் ஒவ்வொரு முறையும், படுகையில் தங்கிய எரியாத காற்று சிறிதளவு வெளியே தள்ளப்படுகிறது. மூன்றாம் படுகையும் வைத்து, அதுவரை ஆவிக்காற்று நுழைந்த படுகையில் தங்கியதைத் தூய காற்றால் அறைக்குள் திருப்பித் தள்ளினால் இந்தக் குறை தீரும். விலை கூடினாலும், குடியிருப்புக்கு அருகிலுள்ள ஆலைக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

தொடங்கும்போது முதலில் தூய காற்றைச் செலுத்தி அறையின் கொள்ளளவைப் போல் நான்கு மடங்கேனும் வெளியேற்றிய பிறகே பர்னரைப் பற்றவைக்க வேண்டும். நிர்ணயித்த வெப்பநிலை எட்டும்வரை ஆவிக்காற்றை உள்ளே விடலாகாது. அச்சு இயந்திரமும் அதுவரை ஓடாதபடி இரண்டையும் பிணைத்துவிடுவது நல்லது.

சிலிகோன் கலந்த ஆவி எரிந்தால் வெண்ணிறச் சிலிக்காத் தூள் படுகையை அடைக்கும். படுகையின் இருபுறமும் அழுத்த வேறுபாட்டை நாள்தோறும் குறித்துவந்தால் இது முன்கூட்டியே தெரியும். குளோரின் உள்ள கரைப்பான்கள் ஹைட்ரஜன் குளோரைடைத் தருவதால், பின்னால் அந்த வாயுவைக் கழுவி நீக்கும் கழுவுகோபுரம் இல்லாமல் அவற்றை எரிக்கக் கூடாது.

எரிப்புத் திறனைச் சோதிக்கும்போது நுழைவாயிலிலும் புகைபோக்கியிலும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். வால்வுகள் திசை மாறும் நொடிகளும் அளவீட்டுக்குள் வரும்படி, பல சுழற்சிகள் தொடர்ந்து பதிவாக வேண்டும்.