நெல்லையைச் சுற்றி மூன்று நாள்: முதல் முறை பறவை பார்க்கக் கிளம்பும் இரண்டு பேருக்கு

"ஏல, காக்காயைப் பாக்கவா காலையில நாலரைக்கு எழுப்புன?"

என் நண்பன் கேட்ட முதல் கேள்வி இது. பள்ளிக்கூடத்திலிருந்து கூட வருகிறவன், நன்றாகக் கார் ஓட்டுவான், பறவை என்றால் அவனுக்குக் கோழிதான். போன ஜனவரியில் அவனை இழுத்துக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து மூன்று நாள் சுற்றினேன். குளம், தேரி எனும் செம்மணல் மேடு, உப்பளம், வயல், மலையடிவாரம் எல்லாம் சேர்த்தும் 350 கிலோமீட்டர் அளவுதான் ஓடியது. அதே சுற்றில் நீங்களும் போய்வர என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். ஊர் வேறாக இருந்தாலும் முறை இதேதான்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிரம்பியிருக்கும், வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும், நீரோரம் நடந்து இரை தேடும் உள்ளான்களும் வந்து இறங்கியிருக்கும், நம்மூர் நாரைகளும் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். மழை பொய்த்த வருடம் என்றால் குளம் வெறும் கிரிக்கெட் மைதானம். கிளம்புமுன் அந்தப் பக்கத்து ஆள் யாரிடமாவது "குளத்தில் தண்ணி கெடக்கா?" என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பொங்கல் விடுமுறையில் போக முடிந்தால் இன்னும் நல்லது. 2015 முதல் பொங்கலையொட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நீங்கள் எழுதும் பட்டியலும் அதில் சேரும்.

படி 2: இருநோக்கி (பைனாகுலர்)

8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், அல்லது கடன் கேளுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கடைக்காரர் "இது 20 மடங்கு சார்" என்று ஒன்றை நீட்டுவார், ஏமாற வேண்டாம். மடங்கு கூடக் கூட நம் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகத் தெரியும், பார்க்கும் பரப்பும் சுருங்கிவிடும். புதிதாகப் பழகுகிறவருக்குப் பறவையைக் கண்ணாடிக்குள் பிடிப்பதே பெரிய பாடு.

வாங்கிய அன்றே சரிசெய்து கொள்ளுங்கள். இரண்டு குழாய்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். வலது கண்ணை மூடி, தூரத்து மின்கம்பத்தை இடது கண்ணால் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே கம்பத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தின் இடத்தைக் குறித்து வையுங்கள், இனி அதைத் தொட வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் பக்கத்து ரப்பர் விளிம்பை உள்ளே மடக்கிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு வருடம் சாவித்துவாரம் வழியாக உலகத்தைப் பார்த்தேன்.

பறவையை இருநோக்கிக்குள் பிடிக்க ஒரே வழிதான். முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பாருங்கள். பார்வையை அதிலிருந்து எடுக்காமல் இருநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை போயிருக்கும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்காரும் காகத்தை வைத்து ஒரு வாரம் பழகினால் போதும்.

மற்றபடி ஒரு நோட்டு, பென்சில் (வியர்வையில் பேனா மை கலங்கும்), தொப்பி, தண்ணீர். வெள்ளைச் சட்டை வேண்டாம். போனில் பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின், பட்டியலைப் பதிவு செய்யும் இ-பேர்டு செயலிகளை ஏற்றி, இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் சிக்னலை நம்ப முடியாது.

படி 3: போகுமுன் இருபது பறவை

இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் முதல் நாளே சலித்துப்போகிறார்கள். வீட்டைச் சுற்றி இருக்கும் இருபது பறவைகளைப் பெயரோடு பழகிக்கொள்ளுங்கள்: மைனா, காகம், அண்டங்காக்கை, இரட்டைவால் குருவி, தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, தையல்சிட்டு, செம்போத்து, கொண்டலாத்தி, பனங்காடை, மடையான், உண்ணிக்கொக்கு, கானாங்கோழி, வெண்மார்பு மீன்கொத்தி, செம்பருந்து, கள்ளப்பருந்து. மீதியை உங்கள் தெருவே காட்டும்.

இவைதான் உங்கள் அளவுகோல். புதுப் பறவை ஒன்றைப் பார்த்ததும் "சிட்டு அளவா, மைனா அளவா, காக்கை அளவா, பருந்து அளவா?" என்று கேளுங்கள். அடுத்தது அலகு: குட்டையா, ஊசியா, வளைந்ததா, கரண்டி மாதிரியா? அப்புறம் என்ன செய்துகொண்டிருக்கிறது, எங்கே இருக்கிறது. நிறம் கடைசி. வெளிச்சம் மாறினால் நிறம் பொய் சொல்லும்.

பார்த்ததை முதலில் எழுதுங்கள், பிறகு செயலியைத் திறங்கள். படத்தைப் பார்த்துவிட்டு யோசித்தால், பார்க்காத அடையாளத்தையும் பார்த்ததாக மனசு சேர்த்துக்கொள்ளும்.

படி 4: இரண்டு பேருக்கும் வேலை பிரியுங்கள்

ஸ்டியரிங் பிடித்தவர் பறவை பார்க்கக் கூடாது. இதில் சலுகையே கிடையாது. பக்கத்து இருக்கைக்காரர் பார்ப்பார், சொல்வார், எழுதுவார். வண்டி நின்றதும் இரண்டு பேரும் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள்.

"அந்தா, அந்த மரத்துல!" என்று கத்தினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வண்டியின் மூக்கைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். "ரெண்டு மணி, ஒத்தைப் பனை, பாதி உயரம், இடது பக்கம்." இவ்வளவு போதும்.

பறவை பார்க்கக் காரே நல்ல மறைவிடம். நடந்து வரும் மனிதரைக் கண்டு எழும்பும் கொக்கு, பத்தடியில் நிற்கும் காரைக் கண்டுகொள்ளாது. ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். இந்தப் பயணத்தில் வண்டி ஓட்டத் தெரிவதைவிட நிறுத்தத் தெரிவதுதான் பெரிய விஷயம். என் நண்பனுக்கு முதல் நாள் முழுக்க இது பிடிபடவில்லை. நின்றால் அவனுக்கு வண்டி ரிப்பேர் என்றுதான் அர்த்தம்.

படி 5: முதல் நாள், கூந்தன்குளமும் தேரியும்

திருநெல்வேலியிலிருந்து கூந்தன்குளம் சுமார் 38 கிலோமீட்டர். ஐந்து மணிக்குக் கிளம்பி, நாகர்கோவில் சாலையில் மூன்றடைப்பு வரை போய் கிழக்கே திரும்புங்கள். வெளிச்சம் வரும்போது குளத்தில் இருக்க வேண்டும்.

1994-ல் இது பறவைகள் சரணாலயமானது, உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வருகிறார்கள். வீட்டுக் கொல்லை மரத்திலும் தெருவோர மரத்திலும் நாரை கூடு கட்டும், எச்சமும் மீன் வாடையும் கீழே விழும், யாரும் விரட்ட மாட்டார்கள். தீபாவளிக்கு வெடி போடாத ஊர். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம். எனவே தெருவில் நடக்கும்போது மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகாதீர்கள், அது ஒருவருடைய வீட்டு வாசல். ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

காலையில் குளத்தின் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பாருங்கள். சூரியன் முதுகில் இருந்தால் நிறம் தெரியும். எதிரே இருந்தால் எல்லாமே கறுப்புப் பொம்மைதான்.

ஒரு பறவையை எடுத்து இருபது நிமிடம் பார்ப்பதுதான் இங்கே பயிற்சி. மஞ்சள்மூக்கு நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டபடி நடக்கும். கண்ணால் தேடுவதில்லை. மீன் அலகில் பட்டதும் மூடிக்கொள்ளும். வால் பக்கம் இளஞ்சிவப்பு இறகு தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன். தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வரித்தலை வாத்து கூட்டமாகத் தண்ணீரோரம் படுத்திருந்தால் அவசரப்படாமல் பாருங்கள். இமயமலையைத் தாண்டி வந்த பறவை அது. பகலில் குளத்தில் ஓய்வெடுக்கும், மேய்ச்சலுக்கு வயலுக்குப் போகும். எழும்ப வைத்துப் படம் எடுக்கலாம் என்று கைதட்டாதீர்கள்.

நான் இங்கே மூக்குடைபட்டேன். கம்பில் சிறகை விரித்து உட்கார்ந்திருந்ததை "நீர்க்காகம்" என்று அடித்துச் சொல்லி எழுதியும் வைத்தேன். நண்பன்தான், "கழுத்து பாம்பு மாரி நெளியுதுல" என்றான். பாம்புத்தாரா! இரண்டுமே சிறகில் தண்ணீர் ஊறும் ஜாதி, அதனால்தான் வெயிலில் விரித்துக் காயவைக்கின்றன. நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரிந்தால் அது பாம்புத்தாராவாகத்தான் இருக்கும்.

பத்து மணிக்கு மேல் பறவையும் அடங்கும், நமக்கும் பசிக்கும். சாப்பிட்டுவிட்டு மூலைக்கரைப்பட்டி, சாத்தான்குளம் வழியாகக் குதிரைமொழித் தேரிக்கு வந்து சேருங்கள். காற்று குவித்த மணல், இரும்புத் துரு ஏறிச் சிவந்த மேடுகள், இடையில் பனையும் முந்திரியும். பறவை குறைவுதான், ஆனால் குளத்தில் பார்க்காதவை. பனைமரத்தைச் சுற்றி விடாமல் பறக்கும் சின்னப் பறவை பனை உழவாரன். பனை ஓலையின் அடிப்பக்கத்தில் கூடு ஒட்டும். மின்கம்பியில் பனங்காடை, பஞ்சுருட்டான். புதருக்குள் கவுதாரியின் குரல்.

தார்ச்சாலையை விட்டு ஒரு அடிகூட வண்டியை இறக்காதீர்கள். நாங்கள் இறக்கினோம். பின்சக்கரம் பாதி புதைந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி வந்து பார்த்து, "ஆக்சிலேட்டர மிதிக்காதிய தம்பி, இன்னும் உள்ளதான் போவும். டயர்ல காத்தக் கொறைங்க" என்றார். காய்ந்த பனை ஓலையைச் சக்கரத்துக்கு அடியில் திணித்து, மூன்று பேரும் தள்ளி ஏற்றினோம். காசு நீட்டியதற்குக் கோபப்பட்டார். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் கவுதாரி ஒன்று குஞ்சுகளோடு சாலையைக் கடந்ததைப் பார்த்தோம்.

இரவு திருச்செந்தூர். அறை முன்பே பதிவு செய்யுங்கள், தைப்பூசம் நெருங்கினால் இடமே கிடைக்காது.

படி 6: இரண்டாம் நாள், உப்பளம்

ஆறுமுகநேரியிலிருந்து தூத்துக்குடி வரை சாலையோரம் உப்பளங்கள். இங்கே நேரம் முக்கியம். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பி, இருநோக்கிக்குள் எல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி ஆடும். அளங்கள் தனியாருடையவை. பாத்தி வரப்பில் கால் வைக்குமுன் வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். சாலையோரத்திலிருந்தே பாதிக்கு மேல் பார்த்துவிடலாம்.

பூநாரை (ஃபிளமிங்கோ) கண்ணில் பட்டால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவந்த குச்சிக் காலோடு நிற்பது பவளக்கால் உள்ளான். தண்ணீருக்கு மேல் குத்திட்டு விழுவது ஆலா. மீதி, சாம்பலும் பழுப்புமாகக் குறுகுறுவென்று ஓடும் சின்ன உள்ளான்களை முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள். பல வருடம் பார்த்தவர்களே அடித்துக்கொள்ளும் இடம் அது. "உள்ளான் வகை, 60" என்று எழுதினால் போதும், அதுவும் நேர்மையான பதிவுதான்.

பிற்பகல் முழுக்க மேற்கே ஓட்டம். வழியில் திருநெல்வேலி நயினார்குளத்தில் ஒரு டீக்கு நிறுத்துங்கள். ஊருக்கு நடுவே, பஸ் ஹாரனுக்குப் பக்கத்தில் நீர்ப்பறவைகள் எப்படி வாழ்கின்றன என்று பார்க்கலாம். இரவு அம்பாசமுத்திரம்.

படி 7: மூன்றாம் நாள், மலையடிவாரம்

மணிமுத்தாறு, பாபநாசம் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரம். சோதனைச் சாவடி திறக்கும் நேரம், அனுமதி எல்லாம் அவ்வப்போது மாறும், முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம், அணைக்கட்டுப் பக்கத்துச் சாலையும் தோப்புமே போதும்.

இதுவரை கண்ணால் பார்த்தோம், இங்கே காதுதான் முதலில். மரம் அடர்ந்த இடத்தில் நின்று ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள். "குட்ரூ குட்ரூ" என்று விடாமல் கூப்பிடுவது குக்குறுவான். இரட்டைவால் குருவி மாதிரி, ஆனால் வால் நுனியில் இரண்டு துடுப்போடு பறந்தால் துடுப்புவால் கரிச்சான். அது வந்தால் சுற்றிலும் பாருங்கள். பல ஜாதிச் சின்னப் பறவைகள் கூட்டாக இரை தேடும்போது அதுவும் கூடவே வரும். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் வேலை மட்டும் கூடாது. எதிரி வந்துவிட்டான் என்று அது இரையை விட்டுவிட்டு அலையும்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பேச்சை நிறுத்துங்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஒரு பறவை, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சுரத்தில் சீட்டியடிக்கும். நம்மவர்கள் வைத்த பெயரே ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், சிவப்பு என்று இத்தனை நிறம் இருந்தும் தரையில் சருகுக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணில் படுவது அபூர்வம்.

படி 8: தூங்குமுன் பட்டியல்

ஒவ்வொரு இரவும் நோட்டிலிருந்து இ-பேர்டில் ஏற்றுங்கள். இடம், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், என்ன பறவை, எத்தனை. மறுநாளைக்குத் தள்ளினால் எண்ணிக்கை எல்லாம் கற்பனையாகிவிடும். சந்தேகமானதைச் சந்தேகமாகவே விடுங்கள்.

எங்கள் பட்டியலில் 83 பறவைகள். கடைசி மாலை மணிமுத்தாறு ரோட்டில் நானும் அவனும் அந்தச் சீட்டியைக் கேட்டோம். 6.04. பார்க்கவில்லை. காதால் கேட்டதையும் எழுதலாம் என்று நான் சொன்னதை அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "பாக்காம எப்படில எழுதுவ?" 83-ஆ 84-ஆ என்ற சண்டை கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க இறங்கும் வரை ஓடியது. போன வாரம் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. "ஏல, எங்க வீட்டுக்குப் பொறத்தால சீட்டி கேக்கு. சீக்கிரம் வா."