தலைவலியை மறைக்காதீர்கள்: உயரமான மலை முகாம்களில் நடக்கும் தவறுகள்

மலையில் பெரிய தவறுகள் பெரும்பாலும் உடம்பு நன்றாக இருக்கும் நாளில்தான் தொடங்குகின்றன. வானம் தெளிந்திருக்கும், அடுத்த முகாம் கண்ணுக்குத் தெரியும். "இன்றைக்கே போய்விடலாமே" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பகலில் ஒன்றும் ஆகாது. மேலே போகப்போக ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் பொதுவாகச் சில மணி நேரம் கழித்தே தலைகாட்டும். நள்ளிரவில் தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் போய்விடும்.

5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். அதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். முதலில் மூச்சு வேகமாகும், அப்புறம் சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யும். சிவப்பணுக்கள் போதுமான அளவு கூடுவதற்கு வாரங்கள் ஆகும். உடற்பயிற்சி செய்து இதை விரைவுபடுத்த முடியாது. சொல்லப்போனால், நல்ல பலசாலிகள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

3,000 மீட்டருக்கு மேல் போனதும், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். இங்கே கணக்கு தூங்கும் உயரத்துக்குத்தான். பகலில் மேலே ஏறி, சாமான்களை வைத்துவிட்டுக் கீழே வந்து படுக்கலாம். உடம்பு பழக அது உதவும். தூக்கம் வரவில்லை என்று மது குடிப்பதும் தூக்க மாத்திரை போடுவதும் வேண்டாம். ஏற்கெனவே இரவில் தடுமாறும் மூச்சை அவை இன்னும் மந்தமாக்கிவிடக்கூடும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு தலைவலியை மறைப்பது. எத்தனையோ மாத உழைப்பு, சேர்த்து வைத்த பணம், தன்னால் குழு பின்தங்கக் கூடாதே என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்து வாயைக் கட்டிவிடும். அதனால் காலையும் மாலையும் ஒருவரை ஒருவர் கேட்டே ஆக வேண்டும். சந்தேகம் வந்தால், குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டிவைத்துப் பத்தடி நேராக நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமலும் வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் மருந்து கீழே இறங்குவதுதான். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அவரைத் தனியாகவும் அனுப்பாதீர்கள். அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழக உதவும். ஆனால் நோய் வந்தபிறகு அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுவது தற்கொலைக்குச் சமம்.

முகாம் போடும்போது களைப்புதான் எதிரி. சமமாக ஓர் இடம் தெரிந்ததும் பையை இறக்கத் தோன்றும். அங்கே முதலில் அண்ணாந்து பாருங்கள். பாமிர் மலைத்தொடரின் லெனின் சிகரத்தில் 1990 ஜூலை 13 அன்று நிலநடுக்கத்தில் மேலிருந்து பெயர்ந்து வந்த பனியும் பனிக்கட்டியும் ஒரு முகாமையே மூடி 43 பேரைக் கொன்றன. பலரும் வழக்கமாகத் தங்கும் இடம் என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. பனியாற்றின் மேல் என்றால், நீண்ட கம்பியால் இடம் முழுக்கக் குத்திப் பார்த்து, அடியில் பிளவு இல்லை என்று தெரியும்வரை இடுப்புக் கயிற்றை அவிழ்க்கக் கூடாது.

பனியை பூட்ஸால் நன்றாக மிதித்துச் சமப்படுத்திவிட்டு அரைமணி நேரம் சும்மா விடுங்கள், இறுகிவிடும். அவசரப்பட்டு அதன்மேல் படுத்தால் இரவில் இடுப்புக்கு அடியில் குழி விழும், விடியும்வரை அதற்குள் உருண்டுகொண்டே இருக்க வேண்டியதுதான். கூடாரத்தை விரிக்கும் முன்பே ஒரு முனையைக் கட்டிவிடுங்கள், காற்று பிடுங்கினால் திரும்பக் கிடைக்காது. தளர்ந்த பனியில் சாதாரண முளைகள் நிற்காது. பைகளில் பனியை நிரப்பிக் கயிறு கட்டிப் புதைத்து மிதித்தால் கல்போல நிற்கும்.

கூடாரத்தை முழுக்க மூடிக்கொண்டு உள்ளே ஸ்டவ் எரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அது தரும் தலைவலியும் குமட்டலும் உயர நோய் போலவே இருக்கும். எனவே சமைக்கும்போது தலை வலித்தால் முதலில் ஸ்டவ்வை அணைத்துக் கதவைத் திறங்கள். பனி கொட்டும் இரவில் காற்றுத் துவாரங்கள் மூடிக்கொள்ளும், முறைவைத்து எழுந்து தள்ளிவிட வேண்டும். பனி அள்ளும் ஷவல் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளேயே இருக்கட்டும். வெளியே விட்டால் தேவைப்படும் நேரத்தில் அதுவும் பனிக்கு அடியில் கிடக்கும்.