பூச்சாடிக்கு கிளேஸ் பூசுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லடம் பக்கம் இருக்கிற என் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் மண் வேலை கற்றுக்கொள்ள வருகிறார்கள். போன வாரம் ஒரு தம்பி, தானே வனைந்து ஒருமுறை சுட்டெடுத்த பூச்சாடியோடு வந்து, "கிளேஸ் டப்பா வாங்கிட்டேனுங்க, பூசிச் சுட்டுத் தர்றீங்களா?" என்றார். கிளேஸ் என்றால் மண் சாமான் மேல் பூசிச் சுட்டால் உருகிக் கண்ணாடி மாதிரிப் படிகிற பூச்சு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், சுட வேண்டிய சூடு 1,240 டிகிரி என்று போட்டிருந்தது. சாடியோ குளத்து மண். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. மண்ணைப் பிசைந்து காற்றை எடுங்கள், ஈரத்தோடு சூளையில் வைக்காதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

மண்ணுக்குப் பொருந்தாத கிளேஸ்

நம் குளத்து மண் பானைக்கும், கோயிலுக்கு நேர்ந்து வைக்கிற உருவாரத்துக்கும் அருமையான மண். ஆனால் அதில் இரும்பு அதிகம். சிவப்பு நிறத்தைத் தருவதும் அதுதான், சூடு ஏற ஏற மண்ணை இளகவிடுவதும் அதுதான். 1,100 டிகிரியைத் தாண்டினால் இப்படிப்பட்ட மண் பெரும்பாலும் உப்பும், வளையும், அப்புறம் உருகி ஓடும். ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகுகிற மண் சாமானுக்கான கிளேஸுக்கோ 1,200க்கு மேல் வேண்டும். கிளேஸ் பளபளப்பாவதற்குள் சாடி உட்கார்ந்துவிடும்.

எனக்கு அப்போது இது தெரியாது. விற்றவர் "எந்த மண்ணுக்கும் ஆகுங்க" என்றார், நம்பினேன். ஒரு கல்யாண வீட்டுக்காக 14 சாடிகளை, கோவையில் பலர் சேர்ந்து சுடுகிற மின்சூளையில் என் கையாலேயே அடுக்கினேன். திறந்தபோது சாடி என்று சொல்ல ஒன்றுமில்லை. கருப்பட்டிப் பாகு மாதிரி தட்டு முழுக்க ஓடி, கீழ்த்தட்டில் இருந்த வேறொருவரின் கப்புகள் மேலும் வழிந்திருந்தது. ஒரு கைப்பிடி மட்டும் அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தட்டுகளுக்கும் அந்தக் கப்புகளுக்கும் பணம் கட்டினேன், கல்யாண வீட்டு முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். இன்றைக்கும் யாராவது "எந்த மண்ணுக்கும் ஆகும்" என்று சொல்லி விற்பதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அப்படி ஒரு கிளேஸ் கிடையாது.

டிகிரி பொருந்தினாலும் வேலை முடிந்துவிடாது. ஆறும்போது மண்ணைவிட கிளேஸ் அதிகமாகச் சுருங்கினால் மேலே முடி மாதிரி விரிசல் விழும். சூளையிலிருந்து எடுத்த பிறகும் டிங், டிங் என்று சத்தம் கேட்டால் அதுதான். சிலர் அழகென்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் செம்மண் சாடியில் அந்தக் கோடுகள் வழியாகத் தண்ணீர் கசிந்து மேஜையில் வட்டமாகக் கறை பிடிக்கும்.

அதனால் சாடி செய்த அதே மண்ணில் நாலு சின்ன ஓடு செய்து, நிமிர்ந்து நிற்கிற மாதிரி அடியை மடக்கி, ஒன்றில் மெல்லிசாகவும் ஒன்றில் தடிமனாகவும் பூசிச் சுட்டுப் பாருங்கள். படுக்க வைத்துச் சுட்டால் கிளேஸ் வழிகிறதா என்பது தெரியாது.

அடிவரை பூசுவது

அடியிலிருந்து அரை சென்டிமீட்டர் உயரம் வரை கிளேஸ் இல்லாமல் ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

ஆடிக் காற்றில் காய வைப்பது

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் பக்கம் காற்றாலையையே சுற்றுகிறது, இன்னும் சுடாத பச்சைச் சாடியை விட்டுவைக்குமா? காற்றுப் படுகிற பக்கம் முதலில் காய்ந்து சுருங்கி, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், இல்லையென்றால் பிளக்கும். ஆனி, ஆடியில் ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை கவிழ்த்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறேன். ஒரு வாரம் ஆகும், ஆகட்டும்.

உள்ளும் புறமும் ஒரே நாளில் பூசுவது

உள்ளே ஊற்றிச் சுழற்றிக் கவிழ்த்ததுமே சுவர் தண்ணீரைக் குடித்துவிடும். அதற்கு மேல் வெளியே பூசினால் பிடிக்காது. மறுநாள் பூசுங்கள்.

சூளையை அவசரமாகத் திறப்பது

100 டிகிரிக்குக் கீழே வரட்டும்.

தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் கொடுப்பது

சாடி நிறையத் தண்ணீர் ஊற்றி, ராத்திரி முழுக்கச் செய்தித்தாள் மேல் வையுங்கள். காலையில் தாளைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அதைக் காய்ந்த பூ வைக்க நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் விற்காதீர்கள்.