கேரள நீதிமன்றம் விதித்த பிள்ளைகளின் ஜீவனாம்சத்தைக் குறைக்கக் கோருவது எப்படி?

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டிப் பெண் எடுப்பதும் கொடுப்பதும் குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1956 நவம்பர் 1 வரை எல்லையின் இரு பக்கமும் ஒரே மாநிலமாக இருந்தன. உறவுகள் அதற்குப் பிறகும் அப்படியே தொடர்கின்றன. ஆகவே மணமுறிவு நேரும்போது, தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ உள்ள தம் பிறந்த வீட்டுக்குப் போய், அந்தப் பகுதிக்கு உரிய குடும்ப நல நீதிமன்றத்தில் ஜீவனாம்ச உத்தரவு பெறுவதும், தந்தை மார்த்தாண்டத்திலோ குளச்சலிலோ இருந்தபடி மாதந்தோறும் பணம் செலுத்துவதும் இங்கே வழக்கமாக நடப்பவை. சில ஆண்டுகளில் தந்தையின் வருமானம் உண்மையாகவே சரிந்துவிட்டால், அவர் முதலில் கேட்கும் கேள்வி, 'நாகர்கோவில் நீதிமன்றத்திலேயே மனுப் போட்டுத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாமா?' என்பதாகவே இருக்கும்.

முடியாது என்று எண்ணிக்கொண்டே தொடங்குவது நல்லது. உத்தரவை நிறைவேற்றும் அதிகாரம் எல்லை தாண்டி வரும். அதை மாற்றும் அதிகாரம் அப்படி வராது. பணம் கட்டத் தவறியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரின் குற்றவியல் நடுவரே உத்தரவை நிறைவேற்றலாம் என்று சட்டம் சொல்வதால், திருவனந்தபுரத்தில் பிறந்த உத்தரவுக்காகக் குழித்துறையிலேயே வாரண்ட் வரக்கூடும். தொகையைக் குறைக்க வேண்டுமானால், உத்தரவிட்ட நீதிமன்றத்தையே நாடிச் செல்ல வேண்டும்.

மனு எழுதுவதற்கு முன், உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பிறப்பிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் வந்தவையாக இருக்கும். இந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர் என்ற வேறுபாடின்றிப் பொருந்தும் பிரிவு அது என்பதால், மூன்று சமயத்தாரும் கலந்து வாழும் நம் மாவட்டத்தில் அதுவே அதிகம் பயன்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு நிற்கிறது. (144 என்றதும் ஊரடங்குத் தடை உத்தரவை நினைத்து அஞ்ச வேண்டாம், அந்தத் தடை உத்தரவு புதிய சட்டத்தில் 163ஆம் பிரிவுக்குப் போய்விட்டது.) தொகையை மாற்றக் கோரும் பழைய 127ஆம் பிரிவு இப்போது 146, நிறைவேற்றுதலுக்கான பழைய 128 இப்போது 147. மனுவில் புதிய எண்ணையும் பழைய எண்ணையும் சேர்த்துக் குறிப்பிட்டால் குழப்பம் குறையும். இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் வந்த உத்தரவானாலும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வந்ததானாலும், மாற்றக் கோரும் வழி அந்தந்தச் சட்டத்துக்குள்ளேயே உண்டு. ஒரு சட்டத்தில் பெற்ற உத்தரவை மற்றொரு சட்டத்தின் பிரிவைக் காட்டி மாற்றக் கேட்பது வீண் அலைச்சல்.

அடுத்துத் தீர்க்க வேண்டியது, உங்கள் குறை உத்தரவு நாளிலேயே இருந்ததா, அதற்குப் பிறகு வந்ததா என்பது. இதை எத்தனை வலியுறுத்தினாலும் தகும்; ஏனெனில் தோற்றுப்போகும் மனுக்களில் பல இந்த வேறுபாட்டைக் கவனியாதவை. நீதிமன்றம் அன்றைக்கே வருமானத்தைத் தவறாகக் கணக்கிட்டது என்பது உங்கள் வாதமானால், அது மாற்று மனுவுக்கு உரியதன்று. எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்தில் 90 நாட்களுக்குள் சீராய்வு மனுவாகப் போக வேண்டியது. சம்மனை வாங்காமலோ, வாங்கியும் போகாமலோ இருந்ததால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்திருந்தால், தக்க காரணத்தைக் காட்டி, உத்தரவு நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதே நீதிமன்றத்தில் அதை நீக்கக் கேட்கலாம். இவ்விரண்டும் இல்லாமல், உத்தரவுக்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது என்று காட்ட முடிந்தவருக்கே 146ஆம் பிரிவு உதவும். பழைய வழக்கை மீண்டும் நடத்த அது இடம் தருவதில்லை.

நிலைமை மாற்றம் என்பதற்கு நம் மாவட்டத்துத் தொழில்களிலிருந்தே எடுத்துக்காட்டுச் சொல்லலாம். விசைப்படகில் தொழில் செய்யும் ஒருவர், தடைக்காலத்தில் வருமானம் இல்லை என்று சொல்லிக் குறைப்புக் கேட்டால், அது நிற்காது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் ஆண்டுதோறும் தடை வருவது உத்தரவு நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்ததுதான். மழைக்காலத்தில் ரப்பர் பால்வெட்டு நிற்பதும் அப்படியே. அதே மீனவர் விபத்தில் கை இழந்து கடலுக்குப் போக முடியாமல் ஆனாலும், பால்வெட்டுத் தொழிலாளி வேலை செய்த தோட்டத்தில் மரங்கள் வெட்டி மாற்றப்பட்டு நிரந்தர வேலை போனாலும் அது மாற்றம். வளைகுடாவில் வேலை பார்த்தவர் அந்தச் சம்பளத்தின் அடிப்படையில் விதிக்கப்பட்ட தொகையைச் செலுத்திவந்து, நிறுவனம் ஆட்குறைப்புச் செய்ததால் ஊர் திரும்பியிருந்தால் அதுவும் மாற்றமே; வேலை நீக்கக் கடிதம், விசா ரத்துச் சான்று, கடவுச்சீட்டில் வெளியேறிய முத்திரை ஆகியவற்றைக் காட்டித்தான் அதை நிறுவ முடியும். தாமாகவே வேலையை விட்டு வந்தவருக்கு நீதிமன்றம் இரக்கம் காட்டாது. உடல் நலமுள்ள ஒருவர் உடலுழைப்பாலாவது சம்பாதித்து மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டின் அஞ்சு கார்க் வழக்கிலும் சொல்லியிருக்கிறது.

மறுமணம் செய்து வேறு குழந்தை பிறந்திருப்பதும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளப்படலாம். 2017ஆம் ஆண்டின் கல்யாண் தே சௌத்ரி வழக்கில், கணவர் மறுமணம் செய்து அதில் ஒரு குழந்தையும் இருப்பதைக் கருதி, மாதம் 23,000 ரூபாயாக இருந்த தொகையை உச்ச நீதிமன்றம் 20,000 ரூபாயாகக் குறைத்தது. புதுக் குடும்பம் வந்துவிட்டதால் பழைய குடும்பத்தின் தொகையைப் பாதியாக்கிவிடலாம் என்று எண்ணுபவர்கள், அங்கே குறைக்கப்பட்டது 3,000 ரூபாய் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். தாய் இப்போது நல்ல சம்பளத்தில் வேலைக்குப் போகிறார் என்பதும் காட்டத்தக்கதே; பிள்ளைகளின் கல்விச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்க வேண்டும் என்றாலும், தாய்க்குப் போதிய வருமானம் இருந்தால் அதை இருவரும் அவரவர் வருமானத்துக்கேற்பப் பகிரலாம் என்று 2020 நவம்பர் 4 அன்று வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு சொல்கிறது. வாகனக் கடன், வீட்டுக் கடன், சீட்டுப் பணம் போன்றவற்றைப் பட்டியலிடுவதால் அதிகப் பயன் இல்லை. வருமான வரி போன்ற கட்டாயப் பிடித்தங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு, ஒருவர் தாமே வரவழைத்துக்கொண்ட கடன் தவணைகளுக்குக் கிடைப்பதில்லை. பிள்ளையின் பங்கு கடன்காரரின் பங்குக்கு முந்தியது என்று நீதிமன்றம் கருதுவது சரியென்றே எனக்கும் தோன்றுகிறது.

அந்த ரஜ்னேஷ் தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தம் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் நிர்ணயிக்கப்பட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். குறைக்கக் கேட்கும் மனு இந்தப் பத்திரத்தின் பலத்திலேயே நிற்கும். ஆகவே எதிர்த்தரப்பு கேட்கும்வரை காத்திராமல் மனுவோடு சேர்த்தே கொடுத்துவிடுவது நல்லது. முதல் வழக்கில் நீங்கள் சொன்ன வருமானத்தையும் இப்போது சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். அன்றைக்கு மாதம் 15,000 ரூபாய்தான் வருமானம் என்று சொல்லிவிட்டு, இன்று 40,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய்க்குச் சரிந்துவிட்டது என்று சொல்பவர், தாம் முன்பு பொய் சொன்னதைத் தாமே எழுதிக் கொடுத்தவராவார். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, மருத்துவச் சான்று ஆகியவற்றுடன், தமிழில் உள்ள வருவாய்த்துறைச் சான்றுகளுக்கு ஆங்கில அல்லது மலையாள மொழிபெயர்ப்பும் வேண்டும். ஜீவனாம்சம் என்ற சொல் இரு மொழியிலும் ஒன்றாக இருப்பதைப் போலப் பட்டாவும் சிட்டாவும் அங்கே உள்ளவர்களுக்குப் புரிந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

வக்கீலைப் பொறுத்தவரை, உத்தரவிட்ட நீதிமன்றத்தில் வழக்கமாக நடத்துபவரையே அமர்த்துவது செலவைக் குறைக்கும். குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகாமல் நீதிமன்றத்தின் அனுமதிக்கு உட்பட்டதாகவே சட்டம் வைத்திருக்கிறது. நடைமுறையில் அந்த அனுமதி எளிதாகவே கிடைக்கிறது. வழக்கையே நாகர்கோவிலுக்கு மாற்ற முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே உரியது. குடும்ப வழக்குகளில் அங்கே பெரும்பாலும் மனைவியின் வசதியே முன்னே வைத்துப் பார்க்கப்படுகிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர் மட்டுமே என்ற நிலையில், டெல்லிக்குப் போய் அந்த முயற்சியில் செலவழிக்கும் பணத்தைப் பிள்ளைக்கே கொடுத்துவிடலாம். நோயாலோ வேலையாலோ எல்லா வாய்தாவுக்கும் நேரில் போக முடியாதவர், காணொலி வழியே ஆஜராக அனுமதி கேட்டு அதே நீதிமன்றத்தில் தனி மனுக் கொடுக்கலாம்.

மனு நிலுவையில் இருக்கும் மாதங்களில் என்ன செய்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மனுப் போட்டதாலேயே பழைய உத்தரவு நின்றுவிடுவதில்லை. முழுத்தொகையும் நடப்பில் இருக்கிறது. முழுவதும் முடியாவிட்டாலும் முடிந்த அளவைத் தவறாமல் வங்கி வழியே அனுப்பி, எந்த மாதத்துக்கானது என்று குறித்து வையுங்கள். உறவினர் கையில் கொடுத்தனுப்பிய பணத்துக்கும், ஓணத்துக்கு வாங்கிக் கொடுத்த புத்தாடைக்கும், பள்ளியில் நேரடியாகக் கட்டிய கட்டணத்துக்கும், உத்தரவில் அப்படிச் சொல்லியிருந்தாலன்றி, தொகையில் கழிவு கிடைப்பது கடினம். கட்டத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. சிறையில் இருந்துவிட்டால் கடன் தீர்ந்துவிடாது என்பதையும் 1989ஆம் ஆண்டின் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஏற்கெனவே சேர்ந்த நிலுவையைக் குறைப்பு உத்தரவு பொதுவாகத் துடைத்துவிடுவதில்லை. ஆகையால் வேலை போன மாதமே மனுக் கொடுப்பவருக்கும், ஓராண்டு பொறுத்து வாரண்ட் வந்த பிறகு கொடுப்பவருக்கும் கிடைக்கும் பயனில் பெரிய வேறுபாடு உண்டு.

மூத்த பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டது என்று எண்ணித் தாமாகவே தொகையைக் குறைத்துக்கொள்பவர்களும் சிக்கிக்கொள்கிறார்கள். உத்தரவு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் தொகை சொல்லியிருக்கிறதா, எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்லியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேர்த்துச் சொல்லியிருந்தால் நீதிமன்றத்தின் வழியே குறைப்பதே பாதுகாப்பு. உடல் அல்லது மன ஊனத்தால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு 18 வயது ஒரு முடிவல்ல. இந்துவான தந்தை, திருமணமாகாத மகளை அவள் தன் வருமானத்தால் தன்னைப் பராமரிக்க இயலாதவரை காக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் சொல்கிறது.

நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தொகையைக் குறைத்துக்கொள்வது கூடாது என்பதில்லை. குடும்ப நல நீதிமன்றமே முதலில் சமரசத்துக்கு முயலக் கடமைப்பட்டது. ஆனால் ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை என்பதால் தாய் அதை எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது. முத்திரைத்தாளில் ஊர்ப் பெரியவர்கள் முன் எழுதிய உடன்படிக்கையை மட்டும் நம்பிப் பணத்தைக் குறைத்தால், இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் யாரும் சாட்சிக் கூண்டில் ஏறப் போவதில்லை. எட்டிய உடன்பாட்டை எழுத்தில் கொண்டுபோய், உத்தரவிட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்து, மாற்றிய உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, குழித்துறையிலோ நாகர்கோவிலிலோ நிறைவேற்று மனு ஏதேனும் நிலுவையில் இருந்தால் அங்கேயும் ஒரு நகலைத் தாக்கல் செய்ய வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் குறைந்த தொகையை இந்தப் பக்கத்து நீதிமன்றம் தானாக அறிந்துகொள்வதில்லை.