பியாவிஸ்டோக் மாகாணம்: எழுதத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்து வரலாறு படிக்கும் மாணவர்கள் சிலரின் கட்டுரைகளைத் திருத்தித் தருகிறேன். ஆண்டு பிசகுவதும் ஊர்ப்பெயர் பிழையாவதும் போகப்போகச் சரியாகிவிடும். ஆனால் அன்று நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

பெயரை நம்பி மக்கள்தொகையை ஒப்பிடுவது

1931 கணக்கெடுப்பில் பியாவிஸ்டோக் மாகாணத்தில் சுமார் 16.4 லட்சம் பேர். 1990களில் அதே பெயருள்ள மாகாணத்தில் ஏறக்குறைய 7 லட்சம். குறைந்த தொகை அத்தனையும் இரண்டாம் உலகப் போர் இழப்பு என்று எழுதி, அதன்மேல் ஓர் அத்தியாயத்தையே கட்டினேன். அப்புறம் ஒரு நாள் இரு காலத்து வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தியாயம் முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

1919இல் உருவான மாகாணத்தின் பரப்பு 32,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். குரோட்னோவும் வோல்கோவிஸ்கும் அதற்குள்தான் இருந்தன. போருக்குப் பின் அவை சோவியத் பெலாரஸிடம் தங்கிவிட்டன. இன்னொரு பக்கம், ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவைச் சேர்ந்த எவ்க், கோவ்டாப், ஒலெட்ஸ்கோ வந்து சேர்ந்தன. 1975 ஜூன் 1 அன்று நாடு 49 மாகாணங்களானபோது வோம்ஜாவும் சுவாவ்கியும் தனியே பிரிந்தன. மிஞ்சிய பியாவிஸ்டோக் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர்தான். நான் எண்ணிய 7 லட்சம் பேர் வாழ்ந்தது, பழைய பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராத நிலத்தில்.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது வேறொன்று. அந்த மண்ணில் யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். பியாவிஸ்டோக்கில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்ற பகுதியில் இருந்தவர்கள் 1943 ஆகஸ்டில் ஆயுதம் ஏந்தி எதிர்த்தார்கள். எல்லைக்கோடு நகர்ந்ததால் கணக்கிலிருந்து விலகியவர்களையும் கொல்லப்பட்டவர்களையும் ஒரே எண்ணில் கலந்தால், மாண்டவர்களின் கணக்கே பொய்யாகிவிடும். ஆகவே மாகாண மொத்தத்தைத் தொடாதீர்கள். பொவியாத் எனப்படும் மாவட்டவாரியாக எண்களை எடுத்து, இரு காலத்துக்கும் பொதுவான நிலத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

1975–1998 காலத்துக்குப் பொவியாத் தேடுவது

கிடைக்காது. 1975இல் ஒழித்தார்கள், 1999இல்தான் திரும்பியது. இடைக்காலத்துக்கு அதற்கும் கீழுள்ள கிமினா அளவில் பாருங்கள்.

1931இன் தாய்மொழிப் பட்டியலை இனப் பட்டியலாக்குவது

அந்தக் கணக்கெடுப்பில் கேட்டது தாய்மொழியும் மதமும். இனத்தைக் கேட்கவில்லை.

இன்றைய போட்லாஸ்கி மாகாணத்தைப் பழைய பியாவிஸ்டோக் மாகாணமாக நினைப்பது

1999இல் பியாவிஸ்டோக்கோடு வோம்ஜாவின் பெரும்பகுதியும் சுவாவ்கியின் கிழக்குப் பகுதியும் சேர்ந்து போட்லாஸ்கி ஆனது. எவ்க், கோவ்டாப், ஒலெட்ஸ்கோ மூன்றும் வார்மியா-மசூரியா மாகாணத்துக்குப் போய்விட்டன.