ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடாதீர்கள்: பிள்ளைகளின் பள்ளிப் பயணத்தில் நாம் செய்யும் தவறுகள்

மாலை நாலு மணிக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கேட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு அப்பா கையைத் தூக்கி ஆட்டுவார். "டேய், இங்க இருக்கேன், வா வா!" பையன் அப்பாவைப் பார்ப்பான். அப்பாவை மட்டும்தான் பார்ப்பான். பை குலுங்க நேரே ஓடி வருவான். இத்தனை நாள் சொல்லிக்கொடுத்த வலது, இடது, மறுபடி வலது எல்லாம் அந்த நொடியில் காற்றோடு போய்விடும்.

தவறுகளில் முதல் இடம் இதற்குத்தான் என்று நான் சொல்வேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வர அலுப்பு, அந்தப் பக்கம் நிறுத்த இடமில்லை, காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ரோட்டைக் கடக்க வேண்டியது நீங்கள், பிள்ளை அல்ல. வண்டியைப் பூட்டிவிட்டு நடந்து போய்க் கூட்டி வாருங்கள். "நான் எதிர்ப்பக்கம் நின்று கூப்பிட்டாலும் நீ வரக்கூடாது, நான்தான் உன்கிட்ட வருவேன்" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லி வையுங்கள். தாத்தா, பாட்டி, ஆட்டோ அண்ணன் என்று யார் அழைத்துவரப் போனாலும் அவர்களுக்கும் இதே பேச்சுதான். கையைப் பிடிக்கும்போது விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். விரல் சட்டென்று நழுவிவிடும்.

அடுத்தது, பாடத்தில் இருக்கும் ரோடு வேறு, வாசலில் இருக்கும் ரோடு வேறு என்பதை மறந்துவிடுவது. சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ என்று யூகேஜி பிள்ளைகூட ஒப்பிக்கும். ஆனால் பல பிள்ளைகள் நடந்து போகும் வழியில் சிக்னலே கிடையாது. சிக்னல் இருக்கும் இடத்திலும், நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்த பிறகு ஃப்ரீ லெஃப்ட்டில் வண்டிகள் வந்துகொண்டுதான் இருக்கும். ஒன்வேயில் எதிர்த்திசையில் ஒரு பைக்காவது வரும். ஜீப்ரா கோட்டைப் பார்த்ததும் நின்று வழிவிடும் பழக்கம் நம் ஓட்டுநர்களில் பலரிடம் இல்லை. அதனால் "வெள்ளைக் கோட்டில் போனால் பயமில்லை" என்று சொல்லிக்கொடுப்பது அரைகுறைப் பாடம். கோட்டில்தான் கடக்க வேண்டும், சரி. வண்டி நின்றுவிட்டதா, ஓட்டுகிறவர் நம்மைப் பார்த்துவிட்டாரா என்று உறுதி செய்துகொண்டு கடக்க வேண்டும் என்பதுதான் முழுப் பாடம்.

வலது பக்கம் முதலில் பார்க்கச் சொல்வது ஏன் என்பதையும் விளக்குங்கள். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கமாக ஓடுவதால், நாம் காலை எடுத்து வைக்கும் பாதியில் வண்டி வலப்பக்கத்திலிருந்துதான் வரும். காரணம் தெரிந்தால் பிள்ளைக்கு மறக்காது. ஒன்வேயாக இருந்தாலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ஓடக் கூடாது, பஸ் கிளம்பிப் போகட்டும்.

"எங்க பாப்பா ரொம்ப உஷார், தனியாவே கிராஸ் பண்ணிடுவா" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. உஷாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வருகிற வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும் திறமை, ஒன்பது பத்து வயது வரை பிள்ளைகளுக்குச் சரியாக வாய்ப்பதில்லை. தூரத்தில் சின்னதாகத் தெரியும் கார் வேகமாக வருகிறது என்பது அவர்களுக்குப் பிடிபடாது. போதாக்குறைக்கு உயரம் வேறு. நிறுத்தி வைத்த காருக்குப் பின்னாலிருந்து வெளியே வரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ரோடு தெரியாது, ரோட்டில் வருபவருக்குப் பிள்ளை தெரியாது. விதியை மனப்பாடமாகச் சொல்வதை வைத்துப் பிள்ளை தயார் என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்படியானால் எப்படிப் பழக்குவது? ஞாயிற்றுக்கிழமை காலை ரோடு காலியாக இருக்கும்போது அதே பள்ளிக்கூட வழியில் நடந்து போங்கள். ஒவ்வொரு இடத்திலும் கையைப் பிடித்தபடியே, "இப்ப போகலாமா? நீ சொல்லு" என்று கேளுங்கள். "போகலாம்" என்றால் "எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி. தப்பாகச் சொன்னால் திட்ட வேண்டாம், அந்த வண்டி எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது என்று காட்டினால் போதும்.

நடைபாதை இல்லாத ரோட்டில் "ஓரமா, இடது பக்கமாப் போ" என்பது நம் வாயில் தானாக வரும். அது வண்டிக்கான விதி. நடப்பவர் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பதுதான் பாதுகாப்பு. இடது ஓரத்தில் வண்டி முதுகுக்குப் பின்னால் வரும்.

இப்போது இருசக்கர வாகனத்துக்கு வருவோம். இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. அப்பா தலையில் ஹெல்மெட், பின்னால் இருக்கும் பிள்ளையின் தலை வெறுமையாக. கேட்டால் "பக்கத்துலதானே ஸ்கூல்" என்பார். நாலு வயதைத் தாண்டிய எவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்பதுதான் சட்டம். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டோடு ஓட்டுபவருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. பெரியவர்களின் ஹெல்மெட்டைப் பிள்ளைக்கு மாட்டுவதில் பயனில்லை, விழும்போது தலை ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம் போய்விடும். இன்னொன்று: முன்னால் போலீஸ் நிற்கிறதென்று தெரிந்ததும் அவசரமாக எடுத்து மாட்டுகிறோமே, பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதையும் பார்க்கிறது. ஹெல்மெட் தலைக்காக அல்ல, போலீஸுக்காக என்பதுதான் அதற்கு மனதில் பதியும்.

ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்க வைப்பது இன்னொரு வழக்கம். திடீரென்று பிரேக் போட்டால் பிள்ளையின் முகம் ஹேண்டில்பாரில் மோதும், பின்னாலிருந்து உங்கள் உடம்பின் எடையும் வந்து விழும். இதைவிடப் பலர் யோசிக்காதது ஒன்று உண்டு. கடை வாசலில் எஞ்சினை அணைக்காமல், பிள்ளையை முன்னால் நிற்க வைத்துவிட்டு, "அண்ணே, அரை லிட்டர் பால்" என்று ஒரு கையை நீட்டுவோம். பிள்ளை பிடித்துக்கொள்ள ஏதாவது தேடும். கைக்கு எட்டுவது ஆக்ஸிலேட்டர்தான். நிற்பது ஒரு நிமிடம் என்றாலும் சாவியை அணைத்துவிடுங்கள். பின்னால் உட்காரும் பிள்ளையின் கால் சக்கரக் கம்பிக்குள் போகாதபடி ஃபுட்ரெஸ்ட் எட்டுகிறதா, துப்பட்டா தொங்குகிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். கனமான பையைப் பிள்ளையின் முதுகில் தொங்கவிடாமல் வண்டியின் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி வேனில் ஏற்றிவிட்டால் கவலை விட்டது என்று நினைப்பதும் தவறுதான். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இறந்தாள். அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன, உதவியாளர் கட்டாயமானார். 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில், வேனை விட்டு இறங்கிய சிறுவன் ஒருவன் பள்ளி வளாகத்திலேயே அதே வேன் ஏறி இறந்தான். அதற்குப் பிறகு பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமரா வேண்டும், சென்சாரும் வேண்டும் என்று விதி வந்தது. விதி வந்துவிட்டது, ஆனால் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது: இறங்கியதும் வேனை விட்டுத் தள்ளிப் போ. தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே போனாலும் குனியாதே, டிரைவரிடமோ ஆயாம்மாவிடமோ சொல். பாட்டில் போனால் போகிறது, வீட்டில் திட்ட மாட்டோம். இந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். தொலைத்தால் அடி விழும் என்று பயந்த பிள்ளை கட்டாயம் குனியும்.

பள்ளிப் பேருந்துகளை ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் போக்குவரத்து அதிகாரிகள் ஆய்வு செய்கிறார்கள். பெற்றோர் தாங்களே பேசி அமர்த்தும் ஆட்டோவும் ஆம்னி வேனும் அந்த ஆய்வில் வருவதில்லை. புளிமூட்டையாக அடைத்துக்கொண்டு போகிறார்களா என்று தெரிய வேண்டுமானால் பிள்ளையிடம் சாதாரணமாக, "இன்னைக்கு எங்க உட்கார்ந்த?" என்று கேளுங்கள். "அக்கா மடியில", "டிரைவர் அங்கிள் பக்கத்துல" என்று பதில் வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

பெரிய பிள்ளைகளுக்குப் பிரச்சினை வேறு. அரசுப் பஸ்ஸில் பாஸ் இருக்கிறது, ஏற இடம் இருக்காது. படிக்கட்டில் தொங்காதே என்று சொல்கிறோம், தாமதமாக வந்தால் பள்ளியில் வெளியே நிற்க வைக்கவும் செய்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் பையன் தொங்கத்தான் செய்வான். "கூட்டமா இருந்தா அடுத்த பஸ்ல வா, நான் மிஸ்கிட்ட பேசிக்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி பேசவும் செய்யுங்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஸ்கூட்டியைக் கொடுத்தனுப்புவது பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 16 வயதில் கிடைக்கும் உரிமம் 50 சிசி வரையிலான கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான், வீட்டில் நிற்கும் ஸ்கூட்டி பெரும்பாலும் 100 சிசியைத் தாண்டியிருக்கும். சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளில் போகிற பிள்ளைகளின் பிரேக்கை மட்டும் மாதம் ஒருமுறை நீங்களே பிடித்துப் பாருங்கள். டியூஷன் முடிந்து இருட்டில் திரும்புகிறார்கள் என்றால் பின் மட்கார்டிலும் பையிலும் ஒளி பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சைக்கிள் கடையில் கேட்டால் அவர்களே ஒட்டித் தருவார்கள்.